உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பிறகு வீட்டில் குழந்தை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மகளுக்கு 3 வயதில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தவர் என் மனைவி. மகளுக்கு இப்போது 14 வயது. இத்தனை வருடங்களில் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம், காத்திருக்கும் இடத்தில் புதிதாக வந்த பெற்றோர் யாராவது பக்கத்தில் வந்து உட்காருவார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று ஆரம்பிப்பார்கள். அவர்கள் கேட்டவையும் ஒரு காலத்தில் நாங்கள் கேட்டவையும்தான் இங்கே இருக்கின்றன. சிறுநீரகம், இதயம் மாற்றிய குழந்தைகளின் பெற்றோரிடமிருந்து தெரிந்துகொண்டதையும் சேர்த்திருக்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. மருந்தின் அளவு, இடைவெளி, எதற்கெல்லாம் அழைக்க வேண்டும் என்பது குழந்தைக்குக் குழந்தை மாறும். இங்கே படிப்பதும் உங்கள் மருத்துவக் குழு சொன்னதும் வேறுபட்டால், குழு சொன்னதையே செய்யுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகிவிட்டோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் அதிகமாகியிருக்கிறது. இது இயல்பா?

இயல்புதான். மருத்துவமனையில் மானிட்டர் இருந்தது, மணிக்கொரு தடவை செவிலியர் வந்து பார்த்தார். வீட்டில் இரவு 2 மணிக்குக் குழந்தை இருமினால் எழுந்து பார்க்க நீங்கள் மட்டும்தான். முதல் வாரம் முழுக்க நான் மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்களைக் காப்பாற்றியது ஒரு நோட்டுப் புத்தகம். காலையும் மாலையும் உடல் வெப்பம், எடை, குடித்த அளவு, சிறுநீர், மலத்தின் நிறம், கொடுத்த மருந்து, கொடுத்த நேரம் எல்லாவற்றையும் எழுதினோம். சிறுநீரகம் மாற்றிய குழந்தை என்றால் ரத்த அழுத்தத்தையும் எழுதச் சொல்வார்கள். சில நாள் எழுதியதும் அவளுக்கு எது வழக்கம் என்று பிடிபட ஆரம்பித்தது. வழக்கம் தெரிந்தால்தான் மாறுதல் கண்ணில் படும். மருத்துவர் ஏதாவது கேட்டால் "நன்றாகத்தான் இருக்கிறாள்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாமல், நாளும் நேரமும் சொல்ல முடிந்தது.

ஆரம்பத்தில் வாரத்துக்கு இரண்டு தடவைகூட ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள். நிலைமை சீராகச் சீராக அந்த இடைவெளி நீளும். இரவில் எந்த எண்ணை அழைப்பது, விடுமுறை நாளில் எதை அழைப்பது என்று முன்பே கேட்டு, கைபேசியில் மட்டும் வைக்காமல் சுவரிலும் ஒட்டி வையுங்கள்.

மருந்து கொடுக்கும் நேரம் முன்னே பின்னே ஆனால் அப்படி என்ன ஆகிவிடும்?

ஒரு நாள் அரை மணி நேரம் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது. அது வழக்கமாவதுதான் ஆபத்து. ஏன் என்று தெரிந்துகொண்டால் நேரம் பார்ப்பது எளிதாகும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தனக்குச் சொந்தமில்லாத எதையும் உடம்பு அந்நியமாகவே பார்த்து எதிர்க்கும். 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மர்ரே என்ற மருத்துவர் சிறுநீரகத்தை முதல் முறை வெற்றிகரமாக மாற்றி வைத்தபோது, கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவிலிருந்து வந்த இரட்டையர். அதனால்தான் அந்த உடம்பு எதிர்க்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. எதிர்ப்பை அடக்கி வைக்க மருந்து வேண்டும், பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க. இன்று பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த வேலையைச் செய்வது டாக்ரோலிமஸ். 1984இல் ஜப்பானில் சுகுபா பகுதி மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது அது. என் மகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். "மண்ணுக்குள்ள இருந்து எனக்காகத் தோண்டி எடுத்தாங்களா?" என்று பல நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவு மிகக் குறுகிய எல்லைக்குள் இருக்கிறது. குறைந்தால் உடம்பு புதிய உறுப்பைத் தாக்கத் தொடங்கும். கூடினால் கை நடுக்கம், தலைவலி, ரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு, தொற்று எல்லாம் வரும். சின்னக் குழந்தைகளின் உடம்பு மருந்தை வேகமாகக் கரைத்துவிடுவதால், எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட அவர்களுக்குக் கூடுதலாகவே தேவைப்படும். அதனால்தான் 12 மணி நேர இடைவெளி, அதனால்தான் ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அடிக்கடி 'லெவல்' பார்ப்பது.

பள்ளி நாளிலும் விடுமுறையிலும் ஒரே மாதிரி கடைப்பிடிக்கக்கூடிய நேரமாகத் தேர்ந்தெடுங்கள். நாங்கள் காலை 7, மாலை 7 என்று வைத்தோம். இருவர் கைபேசியிலும் அலாரம். சாப்பிட்டுவிட்டுக் கொடுப்பதா, வெறும் வயிற்றிலா என்பதையும் குழுவிடம் கேட்டுத் தினமும் ஒரே மாதிரி வையுங்கள்.

ரத்தப் பரிசோதனை நாளில் காலை மருந்தைக் கொடுத்துவிட்டுப் போகலாமா?

டாக்ரோலிமஸ் லெவல் பார்க்கும் நாள் என்றால் கொடுக்கக் கூடாது. முந்தைய டோஸ் போய் சுமார் 12 மணி நேரம் ஆன பிறகு, அடுத்த டோஸுக்கு முன் எஞ்சியிருக்கும் அளவைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். மருந்தைக் கையோடு எடுத்துப்போய், ரத்தம் எடுத்ததும் கொடுங்கள். தவறிக் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பொய்யாக உயர்ந்து நிற்கும் எண்ணை நம்பி மருந்தைக் குறைத்துவிட்டால் கஷ்டம்.

கொடுத்ததும் வாந்தி எடுத்துவிட்டால்? ஒரு வேளை மறந்துவிட்டால்?

எத்தனை நிமிடத்துக்குள் வாந்தி எடுத்தால் திரும்பக் கொடுக்கலாம், எத்தனை மணி நேரம் வரை மறந்த டோஸைக் கொடுக்கலாம் என்பதற்கு ஒவ்வொரு குழுவிடமும் ஒரு கணக்கு இருக்கும். டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதாமல் விட்டிருந்தால் அழைத்துக் கேளுங்கள். மறந்ததை ஈடுகட்ட அடுத்த வேளையில் இரண்டு மடங்கு மட்டும் கொடுக்கவே கூடாது.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ தொடர்ந்தால் அன்றே தெரிவிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு இருந்தால் மருந்து சரியாக உடம்பில் சேராது என்றுதான் எல்லோரும் நினைப்போம். டாக்ரோலிமஸ் நேர்மாறாக, வயிற்றுப்போக்கின்போது ரத்தத்தில் ஏறிவிடும். உடம்பில் நீரும் வற்றுவதால் சிறுநீரகத்துக்கு அது இரட்டைச் சுமை.

திரவ மருந்தை அளப்பதில் குழப்பமாக இருக்கிறது.

குழம்பக்கூடிய இடம்தான் அது, கூச்சப்படாமல் கேளுங்கள். மருத்துவர் மில்லிகிராமில் சொல்வார், நாம் சிரிஞ்சில் மில்லிலிட்டரில் அளப்போம். இரண்டும் ஒன்றல்ல.

ஒரு தடவை வழக்கமான மருந்தகத்தில் இருப்பு இல்லையென்று வேறோர் இடத்தில் டாக்ரோலிமஸ் திரவம் வாங்கினோம். அதுவரை வாங்கியதில் ஒரு மில்லிலிட்டருக்கு அரை மில்லிகிராம். புதிய புட்டியில் ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம். கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கம்போல் அளந்திருந்தால் இரண்டு மடங்கு போயிருக்கும். என் மனைவி லேபிளைப் படிக்கும் பழக்கம் உள்ளவர் என்பதால் தப்பித்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு புதிய புட்டியையும் இருவரும் தனித்தனியாகப் படிக்கிறோம்.

கம்பெனி மாறினாலும் இதே கவனம் வேண்டும். 'அதே மருந்துதான், வேறு கம்பெனி' என்று கொடுத்தால் வாங்குவதற்கு முன் குழுவைக் கேளுங்கள். தினம் இரு வேளை மாத்திரைக்குப் பதில் மெதுவாகக் கரையும் ஒரு வேளை வகையைத் தவறிக் கொடுத்துவிடும் ஆபத்தும் உண்டு.

எவ்வளவு காய்ச்சல் இருந்தால் அழைக்க வேண்டும்?

பொதுவாக 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட். உங்கள் குழு வேறு எண் சொல்லியிருந்தால் அது.

அறுவை சிகிச்சை முடிந்து நான்காவது மாதம் ஓர் இரவு மகளுக்கு 38.3 இருந்தது. மணி 11. 'இந்த நேரத்தில் எதற்குத் தொந்தரவு செய்வது, காலையில் பார்க்கலாம்' என்று ஈரத்துணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் 39.5. பித்தநாளத்தில் தொற்று. 9 நாள் மருத்துவமனையில் இருந்தோம். மருத்துவர் என்னைத் திட்டவில்லை. "அடுத்த தடவை ராத்திரியே கூப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எதிர்ப்பாற்றல் அடங்கியிருக்கும் உடம்பில் தொற்று வேகமாகப் பரவும். முதல் ஆறு மாதம் அந்த மருந்துகள் அதிக அளவில் இருக்கும் காலம், அதனால் அப்போது இன்னும் கவனம். தொற்றைத் தடுக்கத்தான் கோட்ரைமாக்சசோல், வல்கான்சிக்ளோவிர் போன்றவற்றையும் கூடவே தருகிறார்கள். 'குழந்தைக்கு ஒன்றும் இல்லையே' என்று அவற்றை நிறுத்தாதீர்கள். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்துச் சூட்டை மறைப்பதற்கு முன் அழைத்துக் கேளுங்கள். எதிர்ப்பை அடக்கத் தரும் இன்னொரு மருந்தான ஸ்டீராய்டைச் சாப்பிடும் குழந்தைக்குத் தொற்று இருந்தும் சூடு பெரிதாக ஏறாமல் இருக்கலாம். எண் குறைவாக இருந்தாலும் குழந்தை துவண்டு கிடந்தால் காத்திருக்க வேண்டாம்.

உறுப்பை உடம்பு நிராகரிக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பல சமயம் வெளியே ஒன்றும் தெரியாது. குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும், ரத்தப் பரிசோதனையில் மட்டும் எண்கள் ஏறியிருக்கும். 'நன்றாகத்தானே இருக்கிறான்' என்று ஒரு பரிசோதனையைத் தவறவிடக் கூடாது என்பது அதனால்தான்.

தெரிந்தால் எப்படித் தெரியும்? கல்லீரல் என்றால் கண்ணில் மஞ்சள், அடர்ந்த நிறச் சிறுநீர், வெளுத்த மலம், அரிப்பு. சிறுநீரகம் என்றால் சிறுநீர் குறைவது, முகமோ காலோ வீங்குவது, ஒரே நாளில் எடை ஏறுவது, ரத்த அழுத்தம் உயர்வது. இதயம் என்றால் சோர்வு, மூச்சு வாங்குவது, பால் குடிக்கும்போதே களைத்துப்போவது. மாற்றிய இதயத்தில் நரம்புத் தொடர்பு அறுபட்டிருப்பதால் நெஞ்சுவலி தெரியாமலேகூடப் போகலாம். நுரையீரல் என்றால் ஊதிப் பார்க்கும் கருவியில் எண் குறைவதுதான் பெரும்பாலும் முதல் அடையாளம்.

'ரிஜெக்‌ஷன்' என்ற சொல்லைக் கேட்டதும் உறுப்பு போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்கு இரண்டாவது மாதத்தில் வந்தது. கல்லீரலிலிருந்து ஒரு சின்னத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி செய்து உறுதிப்படுத்தி, ஸ்டீராய்டை மூன்று நாள் ரத்தநாளம் வழியாக ஏற்றினார்கள். எண்கள் இறங்கின. திடீரென வரும் நிராகரிப்பைச் சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலும் அடக்கிவிடலாம்.

இதோடு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கழுத்திலோ அக்குளிலோ நெறிக்கட்டி வந்து போகாமல் இருப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, புதிதாகக் குறட்டை விடுவது. இவற்றைக் கண்டால் சொல்லுங்கள். எப்ஸ்டைன் பார் வைரஸை அதுவரை சந்திக்காத குழந்தைகளுக்கு, மாற்று சிகிச்சைக்குப் பிறகு அந்த வைரஸால் நிணநீர் அணுக்கள் கட்டுமீறி வளரும் ஒரு நோய் வரலாம். முன்கூட்டியே தெரிந்தால் வைத்தியம் உண்டு.

'எதிர்ப்பு சக்தி கூட்ட' மூலிகை, டானிக் கொடுக்கலாமா?

வேண்டாம். அன்பினால்தான் சொல்வார்கள், எனக்குத் தெரியும். ஆனால் நாம் வேளாவேளைக்கு மருந்து கொடுப்பதே அந்த எதிர்ப்பை அடக்கத்தான். அதை உசுப்பிவிடும் ஒன்றை மறுபக்கம் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பல மூலிகைகள் டாக்ரோலிமஸ் கரையும் வேகத்தையும் மாற்றிவிடும்.

சாதாரண மருந்துகளிலும் இதே கவனம் வேண்டும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் போன்றவை லெவலை ஏற்றிவிடும். ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின் போன்றவை இறக்கிவிடும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பழங்களில் ஆரஞ்சு இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட்டும் பம்ப்ளிமாஸும் ஆகாது, கிரேப்ஃப்ரூட் என்ற பெயரைப் பார்த்துத் திராட்சை வகை என்று குழம்ப வேண்டாம். பல் மருத்துவரோ வேறு மருத்துவரோ எதை எழுதினாலும், முதல் டோஸ் கொடுக்கும் முன் மாற்று சிகிச்சைக் குழுவுக்கு ஒரு போன்.

சாப்பாட்டில் என்ன கட்டுப்பாடு?

நன்றாக வெந்தது, புதிதாகச் செய்தது, சுத்தமான தண்ணீர். வேகாத முட்டை, இறைச்சி, மீன், காய்ச்சாத பால் கூடாது. பழங்களை நன்றாகக் கழுவித் தோலுரித்துக் கொடுங்கள். மற்றபடி குழந்தை சாப்பிடுகிறதே என்று சந்தோஷப்படுங்கள். சிறுநீரகம் மாற்றிய குழந்தைக்குத் தண்ணீர் ஒரு மருந்து மாதிரி. பெரியவருடைய சிறுநீரகம் சின்ன உடம்பில் வேலை செய்ய நிறைய நீர் வேண்டும். தினமும் எத்தனை லிட்டர் என்று இலக்குத் தருவார்கள், அதைப் புட்டியில் அளந்து வைத்துக் கணக்குப் பாருங்கள்.

பார்க்க வருபவர்களை எப்படித் தடுப்பது?

நேராகச் சொல்லுங்கள். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தோலில் கொப்புளம் இருப்பவர்கள் முதல் சில மாதம் வரவே வேண்டாம். மற்றவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வரட்டும். எனக்கு நெருங்கியவர்களிடம் இதைச் சொல்வது கஷ்டமாக இருந்தது. கடைசியில் 'மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்' என்று வாசலில் ஒரு தாள் ஒட்டினேன். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் வளர்க்கும் பிராணிகள் இருந்தால் அவற்றின் கழிவைக் குழந்தை தொட வேண்டாம், புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் கேளுங்கள்.

தடுப்பூசி போடலாமா?

உயிருள்ள கிருமியால் செய்தவற்றைப் பொதுவாகப் போடுவதில்லை. தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லாவுக்கான ஊசி, சின்னம்மை ஊசி, போலியோ சொட்டு மருந்து, மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்து எல்லாம் அந்த வகை. மற்ற தடுப்பூசிகளைச் சில மாதங்கள் கழித்துக் குழு சொல்லும் நேரத்தில் தொடரலாம். ஊசியாகப் போடும் ஃப்ளூ மருந்து வருடாவருடம் வேண்டும்.

வீட்டில் உள்ள மற்ற எல்லோரும் தங்கள் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வதுதான் குழந்தைக்குப் பெரிய வேலி. தம்பி, தங்கை இருந்தால் போலியோவுக்குச் சொட்டு மருந்துக்குப் பதில் ஊசி போட முடியுமா என்று கேளுங்கள். வகுப்பில் யாருக்காவது சின்னம்மை, தட்டம்மை வந்தது என்று தெரிந்தால் குழந்தைக்குக் கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே அழையுங்கள். தொடர்பு ஏற்பட்ட சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் பலன் தரும் மருந்து இருக்கிறது.

ஸ்டீராய்டால் முகம் உருண்டையாகிவிட்டது, எரிந்து எரிந்து விழுகிறாள். நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. நாள்பட ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொண்டிருக்கும், சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அவர்களே படிப்படியாகக் குறைப்பார்கள். அப்போது முகம் பழையபடி ஆகும், அந்தத் தீராப் பசியும் அழுகையும் அடங்கும். அதுவரை கண்ணாடி முன் நிற்கும் குழந்தையிடம் "அழகாத்தான் இருக்கே" என்று மழுப்ப வேண்டாம். "மருந்தால முகம் இப்படி இருக்கு, மருந்து குறைஞ்சா குறையும்" என்ற உண்மையே போதும். தோல் புற்றுநோய் அபாயம் பின்னாளில் கூடுவதால் தொப்பி, முழுக்கை, வெயில் தடுப்புக் களிம்பு எல்லாம் இப்போதே பழகட்டும்.

மருந்து என்றாலே வாயை மூடிக்கொள்கிறான். ஊசி என்றால் கத்திக் கூப்பாடு.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிக்க விரும்புகிறேன். மற்றதெல்லாம் மருத்துவர் சொல்லிவிடுவார், இது தினமும் வீட்டில் நடக்கும் போராட்டம்.

நாங்கள் செய்த முதல் தப்பு, "வலிக்காது" என்று சொன்னது. வலித்தது. அதற்குப் பிறகு நாங்கள் சொன்ன எதையும் அவள் நம்பவில்லை. மாற்றிக்கொண்டோம். "கொஞ்சம் வலிக்கும், பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிடும், நான் கையைப் பிடிச்சுக்கறேன்" என்று சொல்ல ஆரம்பித்தோம். தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பைக் கேட்டு வாங்கி, குத்துவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே தடவினோம்.

மருந்து சாப்பிடுவதா வேண்டாமா என்பது அவள் கையில் இல்லை. எது முதலில், எந்தக் கிண்ணம், உட்கார்ந்தா நின்றா, சிரிஞ்சை யார் அழுத்துவது என்பதெல்லாம் அவள் கையில். அந்தச் சின்னச் சின்ன உரிமைகளை அவள் விடவே இல்லை. கசப்பை மறைக்க ஒரு டம்ளர் நிறையப் பாலில் கலக்காதீர்கள். பாதி குடித்துவிட்டு வைத்தால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. மூக்கைப் பிடித்து ஊற்றவும் வேண்டாம், நாளைக்கு அது இன்னும் பெரிய சண்டையாகும்.

ஒரு நாள் அவள் தன் பொம்மையின் வயிற்றில் பேனாவால் தழும்பு வரைந்து, "நீ குறும்பு பண்ணினே, அதனாலதான் வெட்டினாங்க" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நோய் தனக்குக் கிடைத்த தண்டனை என்று அத்தனை மாதமும் நினைத்திருக்கிறாள். சின்னப் பிள்ளைகள் பலர் அப்படித்தான் நினைப்பார்கள். "உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் பல தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கு எப்போது அனுப்பலாம்? விளையாட விடலாமா?

பல குழந்தைகள் மூன்று மாதத்தையொட்டித் திரும்புகிறார்கள். உங்கள் குழந்தைக்கு எப்போது என்பதைக் குழு சொல்லும். முதலில் அரை நாளாக ஆரம்பியுங்கள். ஆசிரியருக்கு ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: என்ன நடந்தது, எந்த அறிகுறி வந்தால் உடனே எங்களை அழைக்க வேண்டும், வகுப்பில் அம்மை போன்ற தொற்று வந்தால் சொல்ல வேண்டும், தண்ணீர்ப் புட்டிக்கும் கழிப்பறைக்கும் தடை கூடாது. தழும்பைப் பற்றிப் பிற பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்று வீட்டிலேயே குழந்தையோடு பேசிப் பழகிக்கொள்ளுங்கள்.

விளையாடட்டும். காயம் ஆறியதும் ஓடுவது, சைக்கிள், நீச்சல் எல்லாம் படிப்படியாக வரும். மாற்றிய சிறுநீரகம் அடிவயிற்றில் முன்பக்கம் இருப்பதால் வயிற்றில் இடிபடும் ஆட்டங்களுக்கு முன் கேளுங்கள். மாற்றிய இதயம் மெதுவாகத்தான் வேகம் பிடிக்கும், அதனால் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு ஓட வேண்டும், சட்டென்று நிற்கவும் கூடாது. உறுப்பு மாற்றியவர்களுக்கென்றே உலக விளையாட்டுப் போட்டி 1978இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் தொடங்கி இன்றும் நடக்கிறது, குழந்தைகளும் அதில் ஓடுகிறார்கள். எங்கள் மகளை முதல் தடவை ஊஞ்சலில் விட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் இன்னும் உயரமாக ஆடினாள்.

உறுப்பைக் கொடுத்ததே நான்தான். நான் எப்படிக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது?

இதற்கு இரண்டாவது பெரியவர் ஒருவர் கட்டாயம் வேண்டும், அதை முன்பே ஏற்பாடு செய்யுங்கள். கொடுத்தவர் சில வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது, அதில் குழந்தையும் அடக்கம். மகள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பாள், என் மனைவியால் தூக்க முடியாது. இருவரும் அழுவார்கள். அப்புறம் மனைவி தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார், மகளே வந்து மடியில் ஏறிக்கொண்டாள்.

கொடுத்தவரின் கல்லீரல் சில மாதங்களில் ஏறக்குறைய பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். சிறுநீரகம் கொடுத்தவரின் மற்றொன்று கூடுதலாக வேலை செய்யப் பழகிக்கொள்ளும். ஆனால் அவர்களுக்கும் பரிசோதனைகள் உண்டு. என் மனைவி தன்னுடையதை இரண்டு தடவை தள்ளிப்போட்டார், நானும் கவனிக்கவில்லை. குழந்தையின் தேதியும் கொடுத்தவரின் தேதியும் ஒரே நாட்காட்டியில் இருக்கட்டும்.

மூத்த பிள்ளை எந்தத் தொந்தரவும் தருவதில்லை. பெரிய நிம்மதி.

அந்த அமைதியைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். எங்கள் மகனுக்கு அப்போது 6 வயது. எதையும் கேட்கமாட்டான். ஆறேழு மாதம் கழித்து ஒரு இரவு, "எனக்கும் அந்த மாதிரி வருமா? வந்தா யாரு கொடுப்பாங்க, அம்மாகிட்ட மிச்சம் இருக்கா?" என்று கேட்டான். அத்தனை நாளும் இதைச் சுமந்துகொண்டு தூங்கியிருக்கிறான். அதன் பிறகு வாரத்தில் ஒரு மாலை அவனுக்கு மட்டும் என்று ஒதுக்கினோம். அந்த நேரத்தில் தங்கையின் உடம்பைப் பற்றிய பேச்சே கிடையாது.

எனக்குத் தூக்கம் இல்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே நடுங்குகிறது.

இது பல பெற்றோருக்கு நடக்கிறது, பெரும்பாலும் ஆபத்தெல்லாம் கடந்த பிறகு. பலவீனம் என்று நினைத்து மறைக்க வேண்டாம். மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள், குழுவிடம் கேட்டால் வழிகாட்டுவார்கள். நான் ஒரு வருடம் தாமதமாகப் போனேன். முன்பே போயிருந்தால் மகனுடைய அமைதி என் கண்ணில் பட்டிருக்கும்.

இந்த உறுப்பு எத்தனை வருடம் வேலை செய்யும்?

யாராலும் ஓர் எண் சொல்ல முடியாது. மாற்றிய சிறுநீரகம் சிலருக்கு 10 வருடம், சிலருக்கு 20 வருடத்துக்கும் மேல் உழைக்கிறது. சிறு வயதில் பெற்ற குழந்தைக்கு வாழ்நாளில் இன்னொன்று தேவைப்படலாம் என்பதை ஒளிக்காமல் ஏற்றுக்கொள்வது நல்லது. குழந்தைப் பருவத்தில் கல்லீரல் பெற்று, படித்து, வேலைக்குப் போய், பிள்ளை பெற்று வாழ்பவர்களும் இருக்கிறார்கள்.

இறந்த ஒருவரின் உறுப்பு எங்களுக்குக் கிடைத்தது. அந்தக் குடும்பத்துக்கு நன்றி சொல்ல முடியுமா?

பல இடங்களில் பெயர், ஊர் குறிப்பிடாமல் எழுதிய கடிதத்தை ஒருங்கிணைப்பாளர் வழியாக அனுப்பலாம். அவசரம் இல்லை. ஒரு வருடம் கழித்து எழுதினாலும் சரி. பதில் வராமலும் போகலாம், அவர்களுடைய துக்கம் அவர்களுக்கு. குழந்தை ஒரு படம் வரைய விரும்பினால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

பிள்ளை வளர்ந்துவிட்டாள். மருந்தை அவளிடமே விட்டுவிடலாமா?

மெதுவாக. பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான் உறுப்பை இழக்கும் ஆபத்து அதிகம். மருந்தைத் தவறவிடுவது அதற்கு முக்கியக் காரணம். ஒரே நாளில் சாவியைக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட முடியாது. 9 வயதில் மகள் வாரத்துக்கான மாத்திரை டப்பாவை நிரப்ப, நான் சரிபார்த்தேன். 12 வயதில் ஒவ்வொரு மருந்தின் பெயரும் எதற்கென்பதும் அவளுக்குத் தெரியும். 13 வயதிலிருந்து மருத்துவரை முதல் பத்து நிமிடம் தனியாகப் பார்க்கிறாள். எதிர்ப்பை அடக்கும் இன்னொரு மருந்தான மைக்கோஃபினோலேட்டைச் சாப்பிடும் பெண்பிள்ளைகளிடம், அது கருவைப் பாதிக்கும் என்பதை மருத்துவர் வெளிப்படையாகப் பேச வேண்டும். அப்போது நாம் வெளியே இருப்பதே நல்லது.

போன வருடம் அவள் பள்ளிப் பையின் உள்பக்கத்தில் ஆறு மாத்திரைகள் கிடைத்தன. நான் கத்தினேன். ஒரு பயனும் இல்லை. இரண்டு நாள் கழித்து அவளே சொன்னாள்: "எல்லாரும் இருக்கும்போது சாயந்திரம் ஏழு மணிக்கு என் அலாரம் மட்டும் அடிக்குதுப்பா." அதற்கு ஒரு வழி தேட வேண்டும் என்று நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை. மருத்துவரிடம் அவளையே பேசச் சொன்னோம். ரத்தப் பரிசோதனை செய்து பார்த்து, ஒரு வேளை மட்டும் சாப்பிடும் வகைக்கு மாற்றினார், அதற்குப் பிறகு சில வாரம் லெவலைக் கவனித்தார்.

இப்போது காலை 7 மணிக்கு மட்டும் அவள் அறையில் அலாரம் அடிக்கிறது. நான் சமையலறையில் நின்றுகொண்டு, டப்பா மூடி திறக்கும் சத்தத்துக்குக் காத்திருக்கிறேன். கேட்டதும் என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.